பத்து மெஷின், ஏழு ஆள்: பேரணாம்பட்டு வட்டத்தில் ஓர் அப்பர் தையல் கூடத்தின் கதை

நிகழ்வு ஆய்வு, 2022 செப்டம்பர் முதல் 2025 நவம்பர் வரை

எதைப் பற்றி

வேலூர் மாவட்டம், பேரணாம்பட்டு வட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில் அரசு மானியக் கடனில் தொடங்கிய சிறு தொழிற்கூடம் இது. ஷூவின் மேல்பாகத்தை, அதாவது தொழிலில் இருப்பவர்கள் ‘அப்பர்’ என்று சொல்வதை, கம்பெனிக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு, தைத்துக் கொடுக்கும் இடம். திட்ட அறிக்கையில் 12 பேருக்கு வேலை என்று எழுதினோம். ‘எழுதினோம்’ என்பதில் நானும் உண்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் கடன் கேட்டுப் போகிறவர்களுக்குத் திட்ட அறிக்கை எழுத உதவுகிறேன். இந்தக் கூடத்துக்கு வந்த முதல் சிக்கலில் என் பங்கு பெரியது. அதனால்தான் இதைப் பதிவு செய்கிறேன். ஆட்கள், கம்பெனி, வங்கிக் கிளை எதன் பெயரும் இதில் வராது.

பின்னணி

பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது. அதில் மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடியின் ஷூ கம்பெனிகள் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் இடங்கள், ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தன. இன்றைய வேலூர் மாவட்டத்தில் தோல் தொழில் என்றால் முக்கியமாகப் பேரணாம்பட்டு. பக்கத்தில் குடியாத்தம்: கைலி, தீப்பெட்டி, பீடி. கோடு மாறினாலும் வேலைக்குப் போகும் பாதை மாறவில்லை. விடியற்காலையில் கிராமத்து முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், பெண்கள் டிபன் டப்பாவோடு ஏறி ஆம்பூர் போவார்கள். இருட்டிய பிறகுதான் வீடு.

இந்தக் கூடத்தை ஆரம்பித்தவரும் அந்த பஸ்ஸில் ஒன்பது வருஷம் போனவர். அப்போது வயது 34, படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. தையல் மெஷினில் தொடங்கி லைன் சூப்பர்வைசர் வரை வந்தார். மாமியார் பக்கவாதத்தில் படுத்ததும் பஸ் நேரத்துக்குப் போக முடியாமல் வேலையை விட்டார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தெருவில் இன்னும் நாலைந்து பேர் இவரைப் போலவே தொழில் கையில் இருந்தும் பஸ் ஏற முடியாமல் வீட்டில் இருந்தார்கள். மற்றவர்கள் பீடி சுற்றுகிறவர்கள்.

அரசுத் திட்டங்கள் இரண்டைப் பார்த்தோம். ஒன்று தமிழ்நாடு அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 25% மானியம், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. மற்றொன்று மத்திய அரசின் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், சுருக்கமாக பி.எம்.ஈ.ஜி.பி. பழைய இரண்டு திட்டங்களைச் சேர்த்து 2008-இல் வந்தது. கிராமப்புறத்தில் பெண்களுக்கு 35% மானியம், சொந்தப் பங்கு 5% போதும், வருமான வரம்பு கிடையாது. இரண்டுக்குமே மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். மானியம் கூடுதல் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பி.எம்.ஈ.ஜி.பி. மானியத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. அந்தப் பணம் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே கடன்தாரர் பெயரில் மூன்று வருஷம் வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடாது. கூடம் நடக்கிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மானியம் கடனில் கழியும்.

முதல் முடிவு: மெஷினா, கூலிப் பணமா

2022 செப்டம்பரில் நான் முதலில் போட்ட கணக்கு இது. மொத்தம் 10 லட்சம். ஆறு தையல் மெஷின், தோல் ஓரம் சீவும் ஸ்கைவிங் மெஷின் ஒன்று, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 5,40,000. ஒயரிங், டேபிள் 1,00,000. மிச்சம் 3,60,000 நடைமுறை மூலதனம், அதாவது கூலிக்கும் அன்றாடச் செலவுக்கும் கையில் வைக்கும் பணம்.

வங்கிக்குப் போனது வேறு கணக்கு. பத்து மெஷினுக்கு 8,10,000, ஒயரிங்கும் டேபிளும் 1,10,000, நடைமுறை மூலதனம் 80,000.

ஏன் மாற்றினோம்? மூன்று பக்கமும் ஒரே திசையில் தள்ளின. வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியின் ஆள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, “பத்து மெஷின் இருந்தாத்தான்மா வண்டி அனுப்ப எங்களுக்குக் கட்டும்” என்றார். வங்கிக்கு மெஷின் என்றால் அடமானத்துக்குக் கண்ணெதிரே ஒரு பொருள். 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற நிலையில் அவர்கள் மெஷினைத்தான் நம்புவார்கள், கூலிக்குக் கொடுத்தால் என்னத்தைக் கைப்பற்றுவது என்று பார்ப்பார்கள். மூன்றாவது, விண்ணப்பத்தில் ‘எத்தனை பேருக்கு வேலை’ என்று ஒரு கட்டம். ஆறு மெஷினுக்கு எட்டுப் பேர் என்று எழுதலாம். பத்துக்கு 12 என்று எழுதலாம். 12 என்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது. 36 வருஷம் வங்கியில் இருந்தவன் அந்த 80,000-ஐப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாது.

2023 ஜனவரியில் கடன் ஒப்புதல் ஆனது. சொந்தப் பங்கு 50,000, வங்கிக் கடன் 9,50,000, அதில் மானியமாகக் கழிய வேண்டியது 3,50,000. தொழில்முனைவோர் பயிற்சியை முடித்தார். ஏப்ரலில் மெஷின்கள் இறங்கின.

2023 ஜூன் முதல் தீபாவளி வரை

ஜூன் 5, திங்கட்கிழமை வேலை ஆரம்பம். தையலுக்கு எட்டுப் பேர், ஒட்டவும் மடிக்கவும் டேபிள் ஆட்கள் நாலு பேர், மொத்தம் 12. உரிமையாளரும் ஒரு மெஷினில் உட்கார்ந்தார். தையல்காரர்களில் ஐந்து பேர் கம்பெனி அனுபவம் உள்ளவர்கள். மற்ற ஏழு பேரும் பீடி சுற்றியவர்கள், அவர்களில் மூன்று பேர் மெஷினில் உட்கார்ந்து பழகினார்கள். பீடியில் பழகிய விரல் ஒட்டும் வேலைக்கும் மடிக்கும் வேலைக்கும் அருமையாக வரும் என்பதை அங்கேதான் பார்த்தேன். ஒரே மாதத்தில் டேபிள் வேலை கம்பெனித் தரத்துக்கு வந்துவிட்டது. மெஷின் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. தோலில் ஊசி தப்பாக இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது.

ஜோடிக்கு 32 ரூபாய் ரேட். தைப்பவருக்கு நாள் கூலி 420, டேபிளுக்கு 300. ஒரு நாள் கூலி 4,560. நூல், சொலுஷன் (ஒட்டும் பசை), கரண்ட், வண்டி எல்லாம் 1,000. ஆக ஒரு நாள் கதவைத் திறந்தால் 5,560 ரூபாய் போகும். கையில் இருந்த 80,000-ஐ இதால் வகுத்தால் பதினாலு நாள். மூன்றாவது சனிக்கிழமை, ஜூன் 24 அன்று, எல்லோருக்கும் பாதிக் கூலி.

கம்பெனிக்கு ஜூன் 30-இல் பில் போனது: 2,100 ஜோடி, 67,200 ரூபாய். 45 நாளில் பணம் என்று பேச்சு. வந்தது ஆகஸ்ட் 28-இல். டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தம் 672 போக, ரிஜெக்ஷனுக்கு (தரமில்லை என்று தள்ளியதற்கு) 6,400 பிடித்துக்கொண்டு 60,128.

நடுவில் இருந்த அந்த ஒன்பது வாரத்தில் கூடம் ஏறக்குறைய உடைந்தது. ஜூலையில் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து 1,20,000 வாங்கினார். மகளிர் குழுவில் 60,000. இரண்டும் கூலிக்கே போயின. ஜூலை கடைசியில் எட்டுப் பேர். ஆகஸ்ட் கடைசியில் ஐந்து. நவம்பர் 12 தீபாவளி, அதற்கு முந்தின வாரம் மூன்று பேர்தான் உள்ளே இருந்தார்கள். ஏழு மெஷின் துணி போர்த்திக் கிடந்தன.

போனவர்கள் யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. நாலு பேர் பீடிக்கே திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: “இங்க கூலி ஜாஸ்திதான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா பீடித் துட்டு கம்மின்னாலும் வாரத்துக்கு வந்துடுது. சீட்டுக்காரன் சனிக்கிழமை வாசல்ல நிக்கிறானே.”

பீடியை விட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் பீடி கம்பெனி ஏஜென்ட்டிடம் இருந்த கணக்கை முறித்துக்கொள்ளவில்லை. மாமியார் பேரிலோ நாத்தனார் பேரிலோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் நம்பி முழுதாக விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்குத் திரும்பப் போவது கஷ்டமாகிவிட்டது. புது வேலை கொடுக்கிறேன் என்று கூப்பிடுகிறவர், பழைய வேலையில் அவர்களுக்கு என்ன பிடிமானம் இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

நோட்டுப்புத்தகம்

ஆகஸ்ட்டில் உரிமையாளரின் சின்னம்மா மகள் கணக்கு எழுத வர ஆரம்பித்தார். பி.எஸ்சி. முடித்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. தமிழ்நாடு அரசின் வேலையில்லா உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600, அது காலாண்டுக்கு ஒருமுறை 1,800-ஆகக் கணக்கில் விழும். பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருந்தால் மூன்று வருஷம் வரை கிடைக்கும். அது அவருக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் அக்காவுக்கு உதவியாகச் சம்பளம் இல்லாமல்தான் வந்தார்.

அவர் கோடு போட்ட நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதினார்: வேலை நடந்த தேதி, பில் போன தேதி, பணம் வந்த தேதி, அந்த வாரம் கூலி முழுதா பாதியா. இவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை அது காட்டியது. ஜூன் 5-இல் தைத்த அப்பருக்குப் பணம் ஆகஸ்ட் 28-இல், அதாவது பன்னிரண்டு வாரம் கழித்து. பன்னிரண்டு வாரத்துக்கு 72 வேலை நாள். ஒரு நாளைக்கு 5,560 என்றால் முதல் ரூபாய் உள்ளே வருவதற்குள் நாலு லட்சம் வெளியே போக வேண்டும். எங்கள் கையில் 80,000.

நான் முதலில் போட்ட ஆறு மெஷின் கணக்கை வைத்துப் பார்த்தேன். எட்டு ஆளுக்கு ஒரு நாள் செலவு 3,500 என்றால் பன்னிரண்டு வாரத்துக்கு இரண்டரை லட்சம். ஒதுக்கிவைத்தது 3,60,000. தாங்கியிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் அந்த நோட்டை இரண்டாம் முறை திறந்து பார்க்க மனம் வரவில்லை, அது உண்மை.

மாற்றிய முடிவுகள்

2023 டிசம்பரில் உரிமையாளர், கணக்கு எழுதுபவர், நான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். கூடத்தை மூடுவதா என்பதுதான் முதல் கேள்வி. மூடினால் மானியம் போய்விடும், கடன் முழுதும் தலையில் விழும். சும்மா கிடக்கும் மெஷினில் நாலை விற்றால் கூலிக்கு ஆகுமே என்று உரிமையாளர் கேட்டார். முடியாது, அவை வங்கிக்கு ஈடு. பணமாக வேண்டியது மெஷினாக நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஆறு வாரக் கூலி கையில் தனியாக இல்லாமல் ஓர் ஆளைக்கூடப் புதிதாகச் சேர்ப்பதில்லை. இருக்கிற மூன்று பேருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூலி, என்ன ஆனாலும். கம்பெனி ஆர்டர் அதிகம் தந்தாலும் இந்த விதிக்கு மேல் எடுப்பதில்லை. முதல் தடவை ஆர்டரை வேண்டாம் என்று சொன்னபோது அவருக்குக் கை நடுங்கியதாகச் சொன்னார்.

இரண்டாவது, வாடிக்கையாளர் ஒருவரையே நம்புவதை விட்டது. வாணியம்பாடிப் பக்கம் உள்ளூர்ச் சந்தைக்குச் செருப்பு செய்கிற ஒருவரைப் பிடித்தோம். செருப்பு வாருக்கு ஜோடிக்கு 14 ரூபாய்தான், மிச்சம் ரொம்பக் குறைவு. ஆனால் சரக்கு போன வாரமே பணம். கூலியை இது ஓட்டும், தவணையைக் கம்பெனி வேலை ஓட்டும் என்று பிரித்துக்கொண்டோம். மாதத் தவணை சுமார் 13,000.

மூன்றாவது, நேரம். காலை ஒன்பதரை முதல் நாலரை வரை. பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைகள் வரும்போது அம்மா வீட்டில் இருக்கலாம். இதற்காக ஒரு மணி நேர உற்பத்தி போனது. ஆனால் வராமல் இருக்கும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. கம்பெனி பஸ்ஸை விட்டு வந்தவர்களுக்கு அதே பஸ் நேரத்தையே நாமும் வைத்திருந்தது எவ்வளவு அபத்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

பாக்கிப் பணத்துக்குப் புகார் கொடுப்பதா என்பதில்தான் அதிகம் விவாதித்தோம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை விசாரிக்க வசதியாக்க மன்றம் இருக்கிறது. சட்டம் நம் பக்கம். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் அந்த வண்டி வராது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பேச்சு பரவ ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். புகார் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒரு பில் என்பதை பதினைந்து நாளுக்கு ஒன்று ஆக்கினோம். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் பதிவு எண்ணை, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த எண்ணை, பெரிதாக அச்சடித்தோம். மரியாதையாக ஒரு கடிதமும் கொடுத்தோம்.

கணக்கு எழுதியவருக்கு ஜனவரியிலிருந்து மாதம் 6,000 சம்பளம். சம்பளம் வாங்கினால் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். “இந்த ஷெட்டு ஆறு மாசத்துல மூடிட்டா எனக்கு ரெண்டும் போயிடும், இல்ல சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். 600 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் நிச்சயமாக வருகிற 600-ஐ, நிச்சயமில்லாத 6,000-க்காக விடுவதற்கு அந்த வீட்டில் ஒரு வாரப் பேச்சு நடந்திருக்கிறது.

2024 மார்ச் கடைசி வாரம்

மார்ச் 27 அன்று கம்பெனியிடமிருந்து பாக்கி அத்தனையும் ஒரே தவணையில் வந்தது: 1,38,000 ரூபாய். எங்கள் கடிதம் வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கூடத்தில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்திருந்தது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் வருஷம் வரை அதைச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது அந்தத் தொகைக்கும் லாபம் போல வரி விழும். 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்தே இது பொருந்தும். மார்ச் 31 நெருங்கியதும் கம்பெனி ஆடிட்டர்கள் உத்யம் எண் உள்ள பில்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள். எங்கள் பில்லில் அந்த எண் பெரிய எழுத்தில் இருந்தது.

வேலைவாய்ப்பை உருவாக்கவென்றே பெயர் வைத்த திட்டம் பத்து மெஷினைக் கொடுத்தது. அந்த மெஷினில் உட்கார்ந்தவர்களுக்குக் கூலியை வரச்செய்தது வருமான வரிச் சட்டத்தின் ஒரு வரி. திட்ட அறிக்கை எழுதுகிற என்னைப் போன்றவர்கள் மானிய விகிதத்தை மனப்பாடமாகச் சொல்வோம், இந்த வரியைப் பற்றி அன்று வரை எனக்குத் தெரியாது.

அந்தப் பணத்தில் ஆறு வாரக் கூலியைத் தனியே எடுத்து வைத்தார். ஏப்ரலில் ஐந்து பேர், ஜூனில் ஏழு. வரவு செலவு வங்கிக் கணக்கு வழியாகவே நடந்ததால் ஜூலையில் வங்கி 1,50,000-க்குக் காசுக்கடன் வரம்பு கொடுத்தது, அதாவது அந்த அளவு வரை வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டலாம். முதல் தடவை கேட்டபோது மறுத்த அதே கிளைதான், மேலாளர் மட்டும் புதியவர்.

நூறு நாள் வேலையோடு போட்டி

2024 ஏப்ரலில் நூறு நாள் வேலையின் அறிவிக்கப்பட்ட கூலி 294-லிருந்து 319 ஆனது. எங்கள் டேபிள் கூலி 300. ஏரி வேலை வந்த வாரங்களில் டேபிள் ஆட்கள் வரவில்லை. காலையில் போய்த் தலையைக் காட்டிவிட்டு இங்கே வரவும் முடியாது. கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்தார்கள்.

உரிமையாளருக்குக் கோபம். இந்த வேலையால்தான் ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் சொல்வதையே அவரும் சொன்னார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அளவு எடுத்துக் கணக்குப் பார்க்கும்போது 319 முழுதாக எல்லோர் கைக்கும் வருவதில்லை, வருவதும் உடனே வருவதில்லை. அப்படியும் அதற்குப் போகிறார்கள் என்றால் நம் கூலி குறைவு. ஆகஸ்ட்டில் டேபிள் கூலியை 330 ஆக்கினார். ஏரி வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் முந்தின வாரமே சொல்லிவிட வேண்டும், திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். அதோடு அந்தப் பிரச்சினை அடங்கியது.

2025 ஆகஸ்ட்

2025 ஜூலையில் ஒன்பது பேர். அந்த நிலையில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு விதித்த கூடுதல் வரி ஆகஸ்ட் 7-இல் 25%, ஆகஸ்ட் 27-இல் 50% ஆனது. கம்பெனியின் சரக்கில் ஒரு பங்கு அங்கே போவது. செப்டம்பரில் பாதி ஆர்டர்தான் என்று வண்டிக்காரர் மூலமாகவே சேதி வந்தது.

2023-ஆக இருந்திருந்தால் கூடம் அந்த மாதமே மூடியிருக்கும். இப்போது வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி செருப்பு வாரில். தனியாக வைத்திருந்த கூலிப் பணத்தில் நாலு வாரம் ஒன்பது பேருக்கும் கொடுத்தார். பிறகும் ஆர்டர் கூடவில்லை. ஒரு வாரம் முன்கூட்டியே சொல்லி இரண்டு பேரை நிறுத்தினார். ஒருவர் பீடிக்குப் போனார், மற்றவர் மறுபடி ஆம்பூர் பஸ் ஏறினார். மிச்சம் ஏழு பேருக்கு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

இன்றைய நிலையும் எண்ணும் முறையும்

2025 நவம்பரில் ஏழு பேர், ஆளுக்கு மாதம் சராசரி 22 நாள் வேலை. ஓடுவது ஆறு மெஷின். தவணையில் இரண்டு தடவை தாமதம், மற்றபடி சரி. நகை மீண்டது. மகளிர் குழுக் கடன் முடிந்தது.

பி.எம்.ஈ.ஜி.பி. புள்ளிவிவரத்தில் ஓர் அலகுக்கு, அதாவது கடன் பெற்ற ஒரு தொழிலுக்கு, எட்டுப் பேர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2021-22-இல் 1.03 லட்சம் அலகுகள், 8.25 லட்சம் வேலை என்று வெளியான கணக்கு அப்படி வந்ததுதான். எங்கள் கூடத்தைச் சராசரியில் வைத்தால் பெரிய பொய் இல்லை, ஏழும் எட்டும் பக்கத்தில்தான். ஆனால் 2023 நவம்பரிலும் அது எட்டுதான், அன்று உள்ளே இருந்தது மூன்று பேர்.

அரசு கொடுத்த 3,50,000-ஐ ஏழால் வகுத்தால் ஒரு வேலைக்கு 50,000 மானியம். முழு முதலீட்டையும் சேர்த்தால் ஒரு வேலைக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024-இல் அடிக்கல் நாட்டிய இரண்டு ஆலைகள்: டாடா கார் ஆலை 9,000 கோடி, 5,000 வேலை. தைவானின் ஹாங் ஃபூ ஷூ ஆலை 1,500 கோடி, 25,000 வேலை. அறிவிப்பின்படியே பார்த்தால் முதலாவதில் ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம், இரண்டாவதில் 6 லட்சம். கார் ஆலை வேண்டாம் என்பது என் வாதம் இல்லை, அதைச் சுற்றி வரும் வேலைகளும் சம்பளமும் வேறு. ஆனால் வேலைக்காக என்று செலவழிக்கும் பணத்தில் தையல் இந்தப் பகுதிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மூன்று எண்கள் போதும்.

அக்டோபரில் சரிபார்ப்புக்கு ஒருவர் வந்தார். மெஷின்களை எண்ணினார், பத்து. பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்தார். வேலை செய்பவர்கள் எண்ணிக்கை கேட்டார், ஏழு என்றார்கள். நோட்டுப்புத்தகத்தைக் காட்டப் போனபோது, “அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா” என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

மறுபடி செய்தால்

மெஷினைப் பாதியில் ஆரம்பித்திருப்பேன். கம்பெனி பத்து கேட்டால் வேறு கம்பெனியைத் தேடச் சொல்லியிருப்பேன். திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் மெஷின் விலைப்பட்டியலுக்குப் பதிலாக ‘முதல் பணம் எத்தனையாவது வாரம் வரும், அதுவரை கூலி எங்கிருந்து’ என்ற கணக்கை வைத்திருப்பேன். பி.எம்.ஈ.ஜி.பி. விதியில் நடைமுறை மூலதனத்துக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவையாவது அந்த வரம்பை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த இடத்தைச் சுருக்கியது நாங்கள்தான்.

உத்யம் பதிவை முதல் பில்லுக்கு முன்னாலேயே அச்சடித்திருப்பேன். பீடிக்காரர்களிடம் கணக்கை முறிக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருப்பேன். அவர்களில் மூன்று பேரைத் திரும்ப மெஷினில் உட்கார வைக்க எங்களால் இன்னும் முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், “பார்க்கலாம்கா” என்கிறார்கள்.

போன மாதம் கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண் இதே தொழிலுக்கு அறிக்கை எழுதக் கேட்டு வந்தார். நாலு மெஷின், ஐந்து பேர், நடைமுறை மூலதனம் மூன்று லட்சம் என்று எழுதிக் கொடுத்தேன். மெஷின் ஏன் இவ்வளவு குறைவு, நடைமுறை மூலதனம் ஏன் இவ்வளவு அதிகம் என்று விளக்கம் கேட்டு வங்கியிலிருந்து வந்திருக்கிறது. அந்த நோட்டின் முதல் பன்னிரண்டு வாரப் பக்கங்களை நகல் எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை பதிலோடு இணைத்து அனுப்ப வேண்டும்.